மூன்றிலொரு பரப்பு: தொடர்மாடிக் காய்கறிச் செய்கை பற்றிய ஓர் ஆய்வு

யாழ்ப்பாணத்தில் காணியை அளப்பது பரப்புக் கணக்கில். 16 பரப்பு சேர்ந்தால் ஓர் ஏக்கர்; ஒரு பரப்பு 2,722½ சதுர அடி. இந்த அளவையை முதலிலேயே நிறுவிவிடுவது ஆய்வு ஒழுங்குக்கு நல்லது. ஏனென்றால் இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கமக்காரர் 900 சதுர அடியில் சீவிக்கிறார். ஏறத்தாழ மூன்றிலொரு பரப்பு. அதுவும் தரையிலிருந்து நாலு மாடி உயரத்தில், உறுதியிலே எழுதப்பட்டும் மண்ணிலே படாத மூன்றிலொரு பரப்பு. அதில் இரண்டு படுக்கையறை, ஒரு குசினி, ஒரு சாமியறை, வெளிநாட்டுச் சொந்தக்காரர் விட்டுவிட்டுப் போன சூட்கேசுகள் அடுக்கிய மூலை ஆகியவற்றைக் கழித்தால், செய்கைக்கு எஞ்சுவது பல்கனிக் குந்தும் யன்னல் ஓரங்களும்தான். இதற்குள் அவர் கத்தரி நட்டிருக்கிறார்.

ஏன் நட்டார் என்பதே ஆய்வுப் பிரச்சினை.

பசி காரணமாக இருக்க முடியாது. தொடர்மாடி இருப்பது யாழ்ப்பாண நகரத்தில். சைக்கிளை எடுத்தால் திருநெல்வேலிச் சந்தை எட்டிப் பிடிக்கிற தூரம். விடிய வெள்ளென அங்கே வந்திறங்குகிற கத்தரிக்காயின் காம்பு இன்னும் வாடியிருக்காது. நமது கமக்காரர் தொட்டிக்கும், தும்புச்சோற்றுக்கும், கூட்டெருவுக்கும், விதைப் பக்கற்றுக்கும், பிறகு வெள்ளை ஈக்கு அடித்த வேப்பெண்ணெய்க்கும் கொடுத்த காசில் அந்தச் சந்தையிலே கத்தரிக்காய் வாங்கி ஒரு சின்னக் கலியாண வீட்டுப் பந்தியையே ஒப்பேற்றலாம். அவரிடம் கேட்டால், "கடைக் கத்தரிக்காயெல்லாம் மருந்தடிச்சது" என்பார். இந்த விடையை ஆய்வாளர் பதிவு செய்யவேண்டும், நம்பவேண்டிய அவசியமில்லை. கிழமை முழுக்க அவர் வீட்டுச் சட்டியில் வேகிறது அதே மருந்தடித்த கத்தரிக்காய்தான்.

பரம்பரைப் புத்தி என்றும் சொல்லிவிடலாம். 1970களில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதித் தடை வந்தபோது வலிகாமத்துச் செம்பாட்டுத் தறைகளில் காசு விளைந்தது. மிளகாய் விற்று வீடு கட்டினவர்கள், வெங்காயம் விற்று மகளுக்குச் சீதனம் கொடுத்தவர்கள் ஊரூராக இருந்தார்கள். 1977க்குப் பின் சந்தை திறந்துவிடப்பட, விலையும் விழுந்தது. அது வேறு கதை. அந்தக் கமக்காரரின் பேரன்தான் இன்று பால்மாப் பேணிக்குள் ஒரு மிளகாய்க் கன்றை வைத்து, அது பூத்த அன்று அலுவலகத்துக்குப் பிந்திப் போகிறார். பரம்பரைப் புத்தி உண்மையாக இருந்தால் இலாபம் பார்க்கிற புத்தியும் கூடவே வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஆகவே இந்தக் கருதுகோளும் தள்ளுபடி.

முன்னோர் ஆய்வுகள்

துறை புதியதல்ல. 1829இல் நதானியேல் வார்ட் என்ற லண்டன் வைத்தியர், ஒரு விட்டிலின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு போத்தலுக்குள் போட்டு மூடிவைத்தார். விட்டிலைப் பார்க்கத்தான் வைத்தார், முளைத்ததோ பன்னம். அவருடைய வளவிலே நிலக்கரிப் புகை பட்டு ஒரு பன்னமும் தப்பாத காலம் அது. போத்தலுக்குள் செடி தப்புமென்று கண்டதும் கண்ணாடிப் பெட்டி செய்தார். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு இறப்பர்க் கன்றுகள் கப்பலேறி வந்ததும் அந்தப் பெட்டியில்தான். இந்நாட்டுப் பொருளாதாரத்தின் ஒரு கால் யன்னலோரத் தோட்டக்கலையிலே ஊன்றியது என்று சொன்னால் பொருளியலாளர்கள் கோபிப்பார்கள், மறுக்க முடியாது.

வார்ட்டின் போத்தலுக்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 1929இல், கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெரிக் மண்ணே இல்லாமல் உப்புக் கரைத்த தண்ணீரில் பயிர் வளர்க்கலாம் என்று அறிவித்தார். பிறகு தக்காளிக் கொடியை 25 அடிக்கு வளர்த்து, ஏணி வைத்துப் பழம் பறித்தார். இந்த நூறாண்டு ஒழுங்கை வைத்துப் பார்த்தால் துறையின் அடுத்த பாய்ச்சல் 2029இல் நிகழவேண்டும். நாலாம் மாடியில் அதற்கான ஆயத்தங்கள் தென்படுகின்றன.

உலகத்திலேயே உயரமான தொடர்மாடி சர்வதேச விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீற்றர். அங்கே 2015 ஓகஸ்டில் சிவப்பு லெற்றியூஸ் கீரை சாப்பிட்டார்கள். அது பெரிய காரியமில்லை. கீரை எங்கேயும் வரும். 2021இல் மிளகாய் நட்டார்கள். ஜூலையில் போட்ட விதை ஒக்டோபர்க் கடைசியில் காய்த்து, மெக்சிக்கோ உணவான டாகோவுக்குள் வைத்து உண்ணப்பட்டது. அந்தப் பயிர்ப் பெட்டிக்கு 180 உணரிகளும் கட்டுப்பாட்டுக் கருவிகளும். நமது ஆய்வுப் புலத்தில் இதே வேலையை ஒரு சுட்டுவிரல் செய்கிறது: மண்ணுக்குள் முதற்கணு மட்டும் விட்டு, வெளியே எடுத்து, ஒட்டிய மண்ணைப் பார்த்து, "தண்ணி காணும்" அல்லது "காணாது" என்று தீர்ப்பு. பிழைத்துப்போகிற தீர்ப்பு பெரும்பாலும் இரண்டாவதுதான். தொட்டிப் பயிர் தாகத்தில் சாவதைவிட, பாசத்தில் அழுகிச் சாவதே அதிகம்.

யன்னல் முரண்

காய்க்கிற பயிருக்கு நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர்வெயில் வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டி எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம். வல்லாரை, பொன்னாங்காணி, பசளி பாதி வெயிலிலும் சமாளிக்கும். ரம்பைக்கு நிழலே போதும்.

யாழ்ப்பாணத்திலே வெயிலுக்குப் பஞ்சமா என்று ஒருவர் சிரிக்கலாம். ஏப்ரல் 5 தொடக்கம் 14 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருமென்று வளிமண்டலவியல் திணைக்களம் வருடாவருடம் அறிவிக்கும். தெற்கிலிருந்து ஏறிவருகிற அந்த வரிசையில் யாழ்ப்பாணம் கடைசி. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, நண்பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடத்தில், கொடிக்கம்பத்துக்கு நிழல் இருக்காது. அவ்வளவு வெயில். ஆனால் உச்சிக்கு வந்த சூரியன் யன்னலுக்குள் வராது. மொட்டைமாடியை எரித்து, தண்ணீர்த் தாங்கியைக் கொதிக்கவைத்து, முழுக் கட்டடத்தையும் அவித்துவிட்டு, குந்திலே நிற்கிற கத்தரிக்கு மட்டும் ஒரு கதிரும் கொடாமல் போய்விடும். மேல்வீட்டுப் பல்கனித் தட்டு அதை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

மார்கழியில் சூரியன் தெற்கே சரிகிறது. வாடைக்காற்று முகில் விட்டால், நண்பகலில் அடிவானத்திலிருந்து 57 பாகை உயரத்தில் நிற்கும். மேல்விளிம்பு 7 அடியில் உள்ள தெற்கு யன்னலால் அந்த வெயில் அறைக்குள் நாலரை அடி வரும். வெளியே சன்சேட் இரண்டடி நீட்டியிருந்தால் மிச்சம் இரண்டரை. இதே காலத்தில் ரொறன்ரோவில் நண்பகற் சூரியன் 23 பாகைதான். அதே அளவு யன்னலால் வெயில் 16 அடி உள்ளே வந்து, சோபாவைத் தாண்டி, சாப்பாட்டு மேசைக்காலையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். வெளியே உறைபனி, வெளிச்சமும் மெலிசு, பகல் ஒன்பது மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். என்றாலும் வெயில் வீட்டுக்குள் வந்து இருந்துவிட்டுப் போகிறது. வெயிலுக்குப் பேர்போன ஊரில் வீட்டுக்குள் வெயிலில்லை. வெயிலே இல்லாத ஊரில் வீட்டுக்குள் வெயிலுண்டு. இதற்கு 'யன்னல் முரண்' என்று பெயர்சூட்ட இவ்வாய்வு உரிமை கோருகிறது.

ஆகவே யாழ்ப்பாணத்துத் தொடர்மாடிக்காரருக்கு மிஞ்சுவது கிழக்கு யன்னலும் மேற்கு யன்னலும். மேற்கைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. பின்னேரம் நாலு மணிக்கு அங்கே நிற்கிற கறுத்தப் பிளாஸ்ரிக் வாளியின் பக்கத்தைத் தொட்டால் கை சுடும். உள்ளே வேர் அவிகிறது. கிழக்கு யன்னல்தான் பயிருக்கு உத்தமம். காலை வெயில், இதமான சூடு, மத்தியானத்துக்குப் பிறகு ஓய்வு.

கிழக்கு யன்னல் சாமியறையில் இருக்கிறது.

இதிலிருந்து எழுகிற சிக்கலை இதுவரை எந்த விவசாயத் திணைக்களத் துண்டுப்பிரசுரமும் தொட்டதில்லை. வடகிழக்கு மூலையில் தெய்வத்தை வைப்பது நமது வழக்கம். கட்டடக் கலைஞர் எப்படி வரைந்தாலும் குடிவந்தவர் அந்த மூலையைக் கண்டுபிடித்துவிடுவார். ஆக, பிள்ளையார், நல்லூர் முருகன், பெரியப்பா சபரிமலையிலிருந்து கொண்டுவந்த ஐயப்பன் ஆகியோர் வரிசையாக நிற்கிற தட்டுக்கு முன்னால், யன்னலோரத்தில், 'திருநெல்வேலி ஊதா' கத்தரிக் கன்றும் நிற்கிறது. அது விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்கிற இனம்; பெயரிலேயே ஊர் இருப்பதால் நமது கமக்காரர் வேறு இனத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. இதுவரை பிரச்சினை இல்லை. சாமிக்குப் பூ வைக்கிற இடத்தில் செடி நிற்பதை ஆரும் குற்றம் சொல்லார்.

பசளை போடும்போதுதான் தத்துவம் இரண்டுபடுகிறது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் மீன் கழுவின தண்ணியைப்போல வேறொன்றில்லை என்பது ஊரிலே தலைமுறை தலைமுறையாக நிறுவப்பட்ட உண்மை. அதை எப்படிச் சாமியறைக்குள் கொண்டுபோவது? அவதானித்த நடைமுறை இது: செடி மீன்தண்ணி குடிப்பதற்காகப் பல்கனிக்கு எடுத்துச் செல்லப்படுகிறது, குடித்து முடித்து, இரண்டு தரம் நல்ல தண்ணியில் இலை கழுவப்பட்டு, மணம் போனபிறகு திரும்பச் சாமியறைக்கு வருகிறது. தாவரத்துக்கு ஆசௌசம் உண்டா, உண்டென்றால் எத்தனை மணித்தியாலம் என்பதில் வீட்டுக்குள்ளேயே இரண்டு சிந்தனைப் பள்ளிகள் உருவாகியிருக்கின்றன. தாயார் ஒரு பகல் என்கிறார். மகன், மணம் போனால் சரி என்கிறார்.

2022 ஜூனில், பொருளாதார நெருக்கடி உச்சத்தில் நின்றபோது, அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டுமென்று அமைச்சரவை மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்கியது நினைவிருக்கும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, அறுவடை விழுந்து, அந்த நவம்பரிலேயே தடையை விலக்கிக்கொண்ட அரசாங்கம், அடுத்ததாக எடுத்த நடவடிக்கைகளில் இதுவும் ஒன்று. பசளைக்குத் தட்டுப்பாடான காலம். அதிலே வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தவர் யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டின் குசினியை எட்டிப் பார்த்தவரல்ல. மீன்தண்ணி கிடைக்கவே கிடைக்காத நாள் அது.

மண் சம்பந்தமாக

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். கோண்டாவில், இணுவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்பாட்டு மண்ணைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்குள்ள பெருமை நியாயமானது. அடியிலே சுண்ணாம்புக்கல், மேலே இரும்பு ஏறிய சிவப்பு மண், வற்றாத ஆறு ஒன்றுமில்லாத குடாநாட்டில் கிணற்றை நம்பி, துலா மிதித்து இறைத்து விளைவித்த தலைமுறைகள். ஆனால் அதே மண்ணைத் தோண்டி வாளிக்குள் அடைத்தால் நாலு தண்ணிக்குப் பிறகு செங்கல்லாகிவிடுகிறது. காற்றோட்டமில்லை, வேர் மூச்சுவிட வழியில்லை. இதைச் சொன்னால் கேட்கமாட்டார்கள். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி புகையிரதம் மறுபடி யாழ்ப்பாணம் வரத் தொடங்கியபிறகு, கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளுக்குப் போகிற பைகளில் பனங்கட்டிக்கும் ஒடியலுக்கும் நடுவிலே செம்பாட்டு மண்ணும் பயணம் செய்கிறது. ஊர் மண் என்று தூக்கிச் சென்றவர் மூன்றாம் மாதம் அதைக் கொத்தி இளக்குவதற்குத் திருப்புளி தேடுகிறார். தும்புச்சோறும் கூட்டெருவும் பாதிக்குப் பாதி கலந்தால் வேலை முடிந்தது.

கனடாவுக்கு மண் கொண்டுபோக முடியாது. நமது மண்ணை அந்நாட்டுச் சட்டம் உள்ளே விடாது. ஆனால் ஸ்காபரோவில் தோட்டச்சாமான் கடைக்குப் போகிற யாழ்ப்பாணத்தார் வாங்குகிற அமுக்கிய தும்புக் கட்டியைத் திருப்பிப் பார்த்தால், இலங்கையில் செய்தது என்று போட்டிருக்கக்கூடும். மண்ணை விடாத நாட்டுக்குத் தென்னந்தும்பு கொள்கலன் கொள்கலனாகப் போகிறது. அங்கே கறிவேப்பிலைத் தொட்டிக்கு அறைக்குள் தனி இடம். வெயிற்காலத்தில் பல்கனியில் நின்று, குளிர் தொடங்கமுன் உள்ளே வந்து, வெப்பமூட்டியின் வறண்ட காற்றில் பாதி இலையைக் கொட்டி, தையில் வெறும் குச்சியாக நின்று, சித்திரையில் மறுபடி துளிர்க்கிற அந்தச் செடியின் தாவரப் பெயரில் யொஹான் கேர்ஹார்ட் கேனிக் இருக்கிறார்; தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு வைத்தியராக வந்து தென்னிந்தியத் தாவரங்களைச் சேகரித்தவர், 1785இல் இறந்தவர். கறிவேப்பிலையில் தன் பெயர் நிலைத்துவிட்டதென்று அவருக்கு ஆரும் சொல்லியிருப்பார்களோ தெரியாது. தாளிக்கும்போது அவரை நினைப்பவர் ஒருவருமில்லை.

மகரந்தமும் இரவு வேலையும்

நாலாம் மாடிக்குத் தேனீ வருவது அரிது. வருகிற ஒரே விருந்தாளி வண்ணத்துப்பூச்சி, அதுவும் உதவி செய்ய வருவதில்லை. கறுத்த இறக்கையில் வெள்ளைப்பட்டி போட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி கறிவேப்பிலையை எத்தனையாம் மாடியில் வைத்தாலும் மணந்து பிடித்து முட்டையிடும். அதன் இளம்புழு, கறுப்பும் வெள்ளையுமாகப் பளபளத்து, அச்சொட்டாகப் பறவை எச்சம். நமது கமக்காரர் இலையிலே அதைக் கண்டு மேலே நின்ற காகத்தைத் திட்டிவிட்டு, ஈரத்துணி எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது எச்சம் அடுத்த இலைக்கு நடந்து போயிருந்தது.

மிளகாய், தக்காளி, கத்தரிப் பூக்கள் தம்முள்ளேயே காரியத்தை முடித்துக்கொள்ளும். காற்று இல்லாத இடத்தில் காம்பை விரலால் மெல்லத் தட்டிவிட்டால் போதும். பாகல், பூசணி, புடோல் குடும்பம் அப்படியல்ல. ஆண்பூ வேறு, பெண்பூ வேறு; நடுவிலே ஆரோ தரகு பார்க்கவேண்டும். சின்னத் தூரிகையால் ஆண்பூவைத் தடவிப் பெண்பூவில் வைக்கவேண்டும். சாதகம் பார்க்காமல் ஒரு யாழ்ப்பாணத்தார் செய்து வைக்கிற ஒரே கலியாணம் இது.

புடோலுக்கு இன்னொரு குணம். அதன் பூ பொழுதுபட்டபிறகே விரியும். நூல்நூலாக ஓரம் கிழித்த வெள்ளைப் பூ, இருட்டிலே விட்டில்களுக்காக மலர்வது. ஆகவே இரவு ஒன்பதரைக்குச் சாரமும் பெனியனுமாக, நெற்றியில் கைத்தொலைபேசி வெளிச்சத்தைக் கட்டிக்கொண்டு, கையிலே மகளின் ஓவியத் தூரிகையோடு ஒரு கணக்காளர் பல்கனிக் கம்பிக்கு வெளியே எட்டிக் குனிந்து நிற்பதை எதிர்க்கட்டடத்தார் கண்டார்கள். அவர்கள் எடுத்த முடிவுகள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

செங்குத்து எல்லைத் தகராறு

காய் பிடித்தது. புடலங்காய் நேராக இறங்குவதற்கு நுனியிலே கல்லுக் கட்டித் தொங்கவிடுவது ஊர்வழக்கம். கட்டாவிட்டால் சுருண்டு வளையமாகிவிடும். கமக்காரர் கட்டினார். நீளக்காய் இனம் நாலைந்து அடி போகக்கூடியது. பல்கனிக் கம்பியில் படர்ந்த கொடியிலிருந்து காய் கீழே போக, அதற்குக் கீழே கல் போக, ஒரு நாள் கல் மூன்றாம் மாடி அன்ரி உடுப்புக் காயப்போடுகிற கொடியின் உயரத்துக்கு வந்து ஆடிக்கொண்டிருந்தது.

"தம்பி, உங்கட புடலங்காய் எங்கட வீட்டுக்கு வந்திட்டுது."

"அன்ரி, வந்ததை நீங்கள் வெட்டிக் கறி வையுங்கோ."

"காய் சரி. இந்தக் கல்லை நான் என்ன செய்யிறது?"

இங்கே சட்டம் நுழைகிறது. யாழ்ப்பாணத்தாரின் தேசவழமையை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் தொகுத்து, 1707 தொடக்கத்தில் ஒப்படைத்தார். பன்னிரண்டு முதலிமார் படித்துப் பார்த்துச் சரியென்றார்கள். 1806இல் ஆங்கிலேயரும் அதைச் சட்டமாக ஏற்றார்கள். சீதனம், முதுசம், ஒற்றி, அடைமானம் எல்லாம் அதில் உண்டு. எல்லையோரம் நட்ட மரம் அயலவன் வளவுப் பக்கம் சாய்ந்து வளர்ந்தால் பலனை ஆர் எடுப்பது என்பதைக்கூட விட்டுவைக்கவில்லை. வேலிச்சண்டையை நன்கு அறிந்த மக்களின் சட்டம் அது. ஆனால் 1706இல் அயலவன் பக்கத்தில் இருந்தான். கீழே இருக்கவில்லை. தலைக்கு மேலிருந்து செங்குத்தாக இறங்கி வருகிற பலனைப் பற்றித் தேசவழமை மௌனம் சாதிக்கிறது. 1973இன் 11ஆம் இலக்க அடுக்குமாடி உரிமைச் சட்டமோ தனி அலகு, பொதுப் பகுதி என்று இரண்டாகப் பிரிக்கிறது. வெளிச்சுவரோடு காற்றிலே தொங்குகிற காய் இதில் எது? கொடி தனி அலகில், காய் பொதுவெளியில், கல் அயல் அலகின் வாசலில். பாதி காய் சீதனம், பாதி முதுசம் என்று தீர்க்கவேண்டியிருக்கும்.

முகாமைத்துவக் குழு கூடி இதை ஆராய்ந்தது. சட்டத்தரணியான இரண்டாம் மாடிக்காரர், கல் விழுந்தால் தண்டச் சட்டக்கோவை என்றார். மொட்டைமாடிவாதிகள், எல்லாரும் மேலேயே நடுங்கோ என்றார்கள். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஈரமண் பாரம் ஏற்றக்கூடாதென்று யன்னல்வாதிகள் எதிர்த்தார்கள். இதில் யன்னல்வாதிகளுக்கு நியாயமுண்டு: ஈரமான மண் லீற்றருக்கு ஒரு கிலோவுக்கு மேல் நிறை, ஐம்பது வாளியை ஒரு மூலையில் குவித்துவிட்டுக் கீழே நித்திரைகொள்ள முடியாது. கடைசியில் பிரச்சினையைத் தீர்த்தது சட்டமல்ல, விதை. 'எம்.ஐ. ஷோர்ட்' என்ற குட்டைப் புடோல் இனம் மகாஇலுப்பள்ளம விவசாய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. அது தன் மாடியிலேயே வளர்ந்து தன் மாடியிலேயே முடிந்துவிடும். எல்லைத் தகராறு இல்லாத புடோல் யாழ்ப்பாணத்தில் எடுபடுமா என்ற சந்தேகம் இன்னும் இருக்கிறது.

விளைச்சலை எதனால் அளப்பது

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மூன்றாம் மாடி அன்ரியின் வாசகத்தை மறுபடி வாசிக்கவேண்டும். அந்தத் தொடர்மாடிக்கு இரு வீட்டாரும் குடிவந்து கனகாலமாகியும், அன்ரி நாலாம் மாடி வீட்டாரோடு பேசிய முதலாவது வசனம் அது.

ஊரிலே கிடுகு வேலி இருந்தது. கிளுவையும் பூவரசும் கதிகாலாக நின்ற வேலி. ஓரங்குல நிலத்துக்கு வழக்காடின அதே வேலியில், இரண்டு வீட்டாரும் கண்டும் காணாமல் விட்ட ஒரு பொட்டு இருக்கும். பெரியாள் குனிந்தால் நுழையலாம். பிள்ளையும் கோழியும் நிமிர்ந்தே போகலாம். அந்தப் பொட்டுக்குள்ளால் ஒரு பிடி கறிவேப்பிலை போகும், ஒரு சுண்டு அரிசி வரும், சிரட்டையில் தணல் போகும், ஆர் வீட்டுக்கு ஆர் பெண்பார்க்க வந்தார்கள் என்ற செய்தி வரும். தொடர்மாடியில் சுவர் உண்டு, கதவு உண்டு, கதவிலே ஓர் ஓட்டையும் உண்டு. கண்ணாடி போட்ட ஓட்டை. அதற்குள்ளால் கண் மட்டும் போகும். கறிவேப்பிலை போகாது.

இவ்வாய்வின் முடிபு இதுதான்: தொடர்மாடியில் கத்தரி நடுவது கத்தரிக்காய்க்காக அல்ல, பொட்டுக்காக. ஆதாரங்களைப் பார்ப்போம். முதற்காய் வீட்டுச் சட்டிக்குப் போகவில்லை. ஒற்றைக் கத்தரிக்காயைக் கொண்டுபோய்க் கொடுப்பது மானக்கேடு என்பதால், அது பிரிட்ஜிலே காத்திருந்தது. இரண்டாவது வந்து சேர்ந்தது. மூன்றாவது சேர்ந்தபோது முதலாவதின் தோல் சற்றுச் சுருங்கியிருந்தது. அதை அடியில் வைத்து, மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட்டு மூடி, மூன்றும் ஒரு கிண்ணத்தில் மூன்றாம் மாடிக்குப் போயின. கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. அது ஐந்து உழுந்து வடையோடு திரும்பி வந்தது. அடுத்த தடவை நாலு வெண்டிக்காய்க்கு எள்ளுருண்டை. விரல் நீளத்தில் ஆறு பச்சைமிளகாய்க்கு, அன்ரியின் மகன் மின்சாரக் கட்டணத்தை இணையத்தில் கட்டுவது எப்படியென்று வந்து காட்டினார்.

ஆகவே கத்தரியின் விளைச்சலைக் கிலோவில் கணக்கிட்டவர்கள் அளவுகோலையே பிழையாக எடுத்திருக்கிறார்கள். அதை வடையில் கணக்கிடவேண்டும். அப்படிக் கணக்கிட்டால், தும்புச்சோறும் வேப்பெண்ணெயும் உட்பட எல்லாச் செலவும் போக, செய்கை இலாபம்.

ஒரு மறுப்பும் பதியவேண்டும். ஐந்தாம் மாடியில் ஓர் இளம் சோடி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஊதா எல்.ஈ.டி. விளக்கின்கீழ், தண்ணீர்க் குழாய்களில் லெற்றியூஸ் வளர்க்கிறது. தாமே உண்கிறார்கள், ஆருக்கும் கொடுப்பதில்லை. ஆருக்குக் கொடுப்பது? லெற்றியூஸ் என்ன கறிக்குப் போடுகிற இலையென்று கேட்கிற கட்டடம் அது. இரவில் அந்த ஊதா வெளிச்சம் பற்றிக் கீழே பல கருத்துகள் உலவுகின்றன. முடிபை இது பாதிக்கவில்லை, உறுதிதான் செய்கிறது.

மேலும் ஆராயவேண்டியது

நாலாம் மாடிக் குடும்பம் மூன்று மாதம் கனடா போனபோது எழுந்த பிரச்சினை தனி ஆய்வுக்குரியது. செடிகளை விமானத்தில் ஏற்ற முடியாது. தொட்டிகளைக் கீழே இறக்க மனமில்லை. வீட்டுச் சாவி மூன்றாம் மாடிக்குப் போனது. கூடவே கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதிய அறிவுறுத்தல்: காலமை தண்ணி, பின்னேரம் வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணி நல்லது, எங்கட குழாய்த் தண்ணி சவர். பொட்டாசியம் காணாதென்றால் வாழைப்பழத் தோல் வெட்டிப் புதையுங்கோ. மீன் கழுவின தண்ணி பல்கனியில் வைத்துத்தான், வெள்ளிக்கிழமை அறவே வேண்டாம். கத்தரி காய்த்தால் நீங்கள் எடுங்கோ, படம் மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்புங்கோ.

அன்ரி ஒரு கட்டளையையும் தவறவிடவில்லை. ஆனால் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்த முதற்படத்தில் கத்தரிக்காய் ஏற்கெனவே பொரித்த குழம்பாகியிருந்தது. இதைத் தாவரவியல் ஆதாரமாக ஏற்கலாமா என்பதில் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.